லேப்ல ஓடுது... கும்மிடிப்பூண்டியில ஓடுமா?

இந்த இதழ்ல நாம எடுத்துக்கப் போற பாடம் 'சி' மொழி. "அதான் முதல் வருஷமே முடிச்சாச்சே"ன்னு பக்கத்தைத் தள்ளிடாதீங்க. உங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி. நீங்க எழுதின புரோகிராமை ஒரு எழுத்துகூட மாத்தாம வேற கம்பைலர்ல, வேற ஓஎஸ்ல, வேற புராசஸர்ல போட்டா, அது கம்பைல் ஆகுமா? ஆனாலும் அதே விடையைத் தருமா?

முதல் கேள்வியைவிட இரண்டாவதுதான் ஆபத்தானது. கம்பைல் ஆகலைன்னா எர்ரர் வரும், திருத்திடுவோம். கம்பைல் ஆகி, ஓடி, தப்பான எண்ணைக் காட்டினா? யாரும் சொல்ல மாட்டாங்க.

இதை ஏன் நம்ம பக்கத்துப் பசங்களுக்குக் குறிப்பா சொல்றேன்னா, நம்மள்ல நிறைய பேர் இன்பிளான்ட் டிரெய்னிங்குக்கும் இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்கும் போறது கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய்கண்டிகை, காக்களூர் மாதிரி இடங்களுக்குத்தான். ஒரு தொழிற்சாலைக்குள்ள போய்ப் பாருங்க. ஒரே ஒரு கம்ப்யூட்டர் கிடையாது. மெஷின் பக்கத்துல பிஎல்சி இருக்கும். எடை காட்டும் கருவிக்குள்ள ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர். கேட்டுல செக்யூரிட்டி பக்கத்துல ஒரு பழைய விண்டோஸ் பிசி. பேனல் போர்டுக்குள்ள லினக்ஸ் ஓடுற கைப்பெட்டி அளவு கேட்வே. ஆபீஸ்ல ஒரு சர்வர். ஒரே எண் இந்த அஞ்சு இடத்தையும் கடந்துதான் போகுது. ஆனா எல்லா இடத்திலும் 'இன்ட்'னா ஒரே அர்த்தம் இல்லை!

டர்போ சி என்ற பழைய வீடு

தமிழ்நாட்டு இன்ஜினியரிங் காலேஜ்கள்ல பல பேட்ச் சி மொழியைக் கத்துக்கிட்டது டர்போ சி-யோட நீலத் திரையில. போர்லண்ட் நிறுவனம் டர்போ சி-யை முதல்ல வெளியிட்டது 1987-ல். டர்போ சி++ 3.0 வந்தது 1990-களோட தொடக்கத்துல. சி++ மொழிக்கு முதல் சர்வதேசத் தரநிலை வந்ததே 1998-ல்தான். அதாவது, தரநிலை பிறக்கிறதுக்கு முன்னாடி வந்த கம்பைலர் அது. அதனாலதான் 'ஐஓஸ்ட்ரீம்.எச்'னு புள்ளி எச் போட்டு எழுதச் சொல்லும், 'நேம்ஸ்பேஸ் எஸ்டிடி'ன்னா என்னன்னே அதுக்குத் தெரியாது.

டர்போ சி-யைத் திட்டுறது என் நோக்கமில்லை. டாஸ் காலத்துக்கு அது அருமையான கருவி. சின்ன மெமரியில எடிட்டர், கம்பைலர், டீபக்கர் மூணையும் ஒண்ணாக் கொடுத்தது. பிரச்சினை என்னன்னா, 64 பிட் விண்டோஸ் 16 பிட் டாஸ் புரோகிராமை ஓட்டாது. அதனால டாஸ்பாக்ஸுன்னு ஒரு பொய்யான பழைய கம்ப்யூட்டரை உருவாக்கி, அதுக்குள்ள டர்போ சி-யை ஓட்டி, அதுக்குள்ள நம்ம புரோகிராமை எழுதுறோம். அந்த வீட்டுக்குள்ள பழகின பழக்கமெல்லாம் வெளியே வந்தா செல்லாது.

'வாய்டு மெயின்' அதுல ஒண்ணு. தரநிலைப்படி மெயின் ஒரு 'இன்ட்' திருப்பித் தரணும். அந்த எண்தான் "என் வேலை நல்லபடியா முடிஞ்சதா, இல்லையா"ன்னு ஓஎஸ்ஸுக்குச் சொல்ற சேதி. ராத்திரி தானா ஓடுற ஒரு ஸ்கிரிப்ட், உங்க புரோகிராம் தோத்துச்சா ஜெயிச்சுச்சான்னு பார்க்கிறது அந்த எண்ணை வச்சுத்தான். 'கோனியோ.எச்', அதுல இருக்கிற 'கிளர்ஸ்கிரீன்', 'கெட்ச்' எல்லாம் சி மொழியே இல்லை. டாஸ் கம்பைலர்கள் கூடுதலாக் கொடுத்த வசதி. லினக்ஸ்ல அந்த ஃபைலே கிடையாது. 'கிராஃபிக்ஸ்.எச்'சும் அப்படித்தான். 'எஃப்ஃபிளஷ்'ஷை எடுத்து 'எஸ்டிடிஇன்' மேல போடுறது இன்னொண்ணு. உள்ளீட்டைத் துடைக்கும்னு நினைச்சு ஸ்கேன்எஃப்-க்கு முன்னாடி எல்லாரும் எழுதுவோம். உள்ளீட்டுக்கு எஃப்ஃபிளஷ் போட்டா என்ன நடக்கும்னு தரநிலை சொல்லவே இல்லை. பழைய மைக்ரோசாஃப்ட் கம்பைலர் துடைச்சுது, லினக்ஸ் டெர்மினல்ல அது ஒண்ணும் பண்ணாது.

பிளேஸ்மென்ட் ஆப்டிடியூட் புத்தகங்கள்ல வர்ற "ஐ சமம் ஐ++ கூட்டல் ++ஐ, அவுட்புட் என்ன?" கேள்வியையும் இங்கேயே முடிச்சுக்கலாம். சரியான விடை: வரையறுக்கப்படாதது. ஒவ்வொரு கம்பைலரும் ஒவ்வொரு எண் தரலாம், எதுவும் தப்பில்லை. நாலு ஆப்ஷன் கொடுத்து ஒண்ணை டிக் பண்ணச் சொல்ற அந்தக் கேள்விதான் தப்பு. (டெஸ்ட்ல என்ன பண்றதுன்னு என்கிட்ட கேட்காதீங்க. மார்க் வேணும்னா டிக் பண்ணுங்க. வேலையில மட்டும் எழுதிடாதீங்க.)

அண்ணா பல்கலைக்கழகத்தோட 2017 ரெகுலேஷன்லயே முதல் செமஸ்டருக்குப் பைத்தான் வந்துடுச்சு. ஆனாலும் எம்பெடெட் பக்கம், கருவிகள் பக்கம் போறவங்களுக்கு சி-யை விட்டா வேற வழி இல்லை.

எடை மேடையில 42,000 கிலோ

இப்ப விஷயத்துக்கு வருவோம். கும்மிடிப்பூண்டி பக்கம் இரும்பு ஸ்க்ராப்பை உருக்கி கம்பி போடுற ஆலைகள் நிறைய. ஸ்க்ராப் ஏத்தின லாரி கேட்டுக்குள்ள வந்ததும் முதல்ல நிக்கிறது எடை மேடையில. லோடோட ஒரு எடை, இறக்கிட்டு வெறும் வண்டிக்கு ஒரு எடை. ரெண்டையும் கழிச்சா வர்ற நிகர எடைக்குத்தான் பணம். அந்தச் சின்னச் சீட்டுல இருக்கிற எண்ணை நம்பித்தான் ஸ்க்ராப் வியாபாரி, டிரைவர், ஆலை மூணு பேரும் கையெழுத்துப் போடுறாங்க.

இந்த எடை மேடைக்கு ஒரு மினி ப்ராஜெக்ட் எழுதுறீங்கன்னு வச்சுப்போம். 'இன்ட் எடை' ஒரு வேரியபிள். லேப்டாப்ல ஜிசிசி-யில ஓட்டிப் பார்த்தீங்க, 42,000 கொடுத்தா 42,000 வருது. அதே கோடை டர்போ சி-யில போட்டா மைனஸ் 23,536 வரும்.

ஏன்? டர்போ சி-யில இன்ட் 16 பிட். அதுக்குள்ள அடங்கிற பெரிய எண் 32,767. அதுக்கு மேல போனா சுத்தி வந்து எதிர்மறைப் பக்கம் நுழைஞ்சுடும்: 42,000-லிருந்து 65,536-ஐக் கழிச்சுப் பாருங்க, அந்த மைனஸ் 23,536 வந்துடும். 12 டன், 20 டன் வண்டி வர்ற வரைக்கும் எல்லாம் சரி. 33 டன்னைத் தாண்டுற முதல் டிரெய்லர் வரும்போதுதான் விஷயம் வெளியே வரும்.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. வெறும் வண்டி 14,500 கிலோன்னு வச்சுக்கோங்க. மைனஸ் 23,536-லிருந்து 14,500 கழிச்சா மைனஸ் 38,036. அதுவும் 16 பிட்டுக்குள்ள அடங்காது, மறுபடி சுத்தும், 65,536 கூடும். என்ன வருது? 27,500. சரியான நிகர எடை! அதாவது மொத்த எடை தப்பு, நிகர எடை சரி. நிகர எடையை மட்டும் சரிபார்த்த ஆள் "புரோகிராம் ஓகே"ன்னு சொல்லிட்டுப் போயிடுவார். இப்படிச் சுத்துறதும் நடைமுறையில பெரும்பாலும் நடக்கிறதுதானே தவிர, சி தரநிலை அதுக்கு உத்தரவாதம் தரலை. குறியுள்ள முழு எண் நிரம்பி வழிஞ்சா விடை வரையறுக்கப்படாதது. அப்படி வழியவே வழியாதுன்னு நம்பிக்கிட்டு, இன்றைய கம்பைலர்கள் உங்க 'இஃப்' சோதனையையே தூக்கிடலாம்.

"டர்போ சி-யை இப்ப யாரு ஃபேக்டரில போடுறா?" நியாயமான கேள்வி. ஆனா நீங்க எல்லாரும் வச்சிருக்கிற ஆர்டுயினோ ஊனோ-வை எடுங்க. அதுலயும் இன்ட் 16 பிட்தான். பிஎல்சி மொழிகளுக்கான ஐஇசி 61131-3 தரநிலையில 'இன்ட்'னா 16 பிட், 32 பிட் வேணும்னா 'டிஇன்ட்'. ஆக, 32,767 பழைய கதை இல்லை. உங்க லோட்செல் ப்ராஜெக்ட்லயே அது உட்கார்ந்திருக்கு.

"சரி, 'லாங்' போட்டுட்டா?" அங்கே வேற குழி. 64 பிட் லினக்ஸ்ல லாங் 8 பைட். 64 பிட் விண்டோஸ்ல லாங் 4 பைட்தான். ஒரே லேப்டாப், ஒரே புராசஸர், ஓஎஸ் மட்டும் மாறுது. லாங்கோட அளவு மாறிடுது. தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கினது 2011 செப்டம்பர்ல, நம்ம திருவள்ளூர் மாவட்டத்துலதான். அதுல சில வருஷம் வந்த மாடல்கள்ல விண்டோஸும், சி-டாக் உருவாக்கின பாஸ் லினக்ஸும் ரெண்டும் இருந்தது. நம்ம அண்ணன், அக்கா வச்சிருந்த மெஷின் இன்னும் வீட்டுல கிடந்தா எடுத்துப் பாருங்க, ஒரே பெட்டியில ரெண்டு உலகம். பெரும்பாலானவங்க லினக்ஸ் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கலைங்கிறது வேற வருத்தம்.

வழி ரொம்ப எளிது. 1999-ம் வருஷத் தரநிலையிலேயே, அதாவது சி99-லயே, 'ஸ்டட்இன்ட்.எச்'னு ஒரு ஹெடர் வந்தது. அதுல 'இன்ட்16_டி', 'இன்ட்32_டி', 'இன்ட்64_டி'ன்னு அளவைப் பேர்லயே சொல்ற வகைகள் இருக்கு. எடை கிலோவுல வேணுமா, இன்ட்32_டி போடுங்க. எங்க போனாலும் 32 பிட். கோடைப் படிக்கிறவருக்கும் நீங்க யோசிச்சிருக்கீங்கன்னு தெரியும். பிரின்ட்எஃப்-ல 'சதவீதம் டி' போடலாமா, 'எல்டி' போடலாமாங்கிற குழப்பத்துக்கு 'இன்ட்டைப்ஸ்.எச்'ல தனி மேக்ரோக்கள் இருக்கு. பார்க்க அசிங்கமா இருக்கும், பழகிக்கோங்க.

இந்த 16 பிட் விவகாரத்துல உலகத்துலயே விலை அதிகமான பாடம் 1996 ஜூன் 4-ம் தேதி நடந்தது. தென் அமெரிக்காவுல ஃபிரெஞ்சு கயானாவிலிருந்து ஏரியான் 5 ராக்கெட்டோட முதல் பயணம். ஏறக்குறைய 40 வினாடியில ராக்கெட் வானத்துலயே சிதறிப்போச்சு. காரணம்: முந்தின மாடலான ஏரியான் 4-லிருந்து அப்படியே எடுத்து வச்ச மென்பொருள். அதுல 64 பிட் தசம எண்ணை 16 பிட் முழு எண்ணா மாத்துற ஒரு இடம். ஏரியான் 4-ன் வேகத்துல அந்த எண் 16 பிட்டுக்குள்ள அடங்கிச்சு. ஏரியான் 5 வேற மாதிரிப் பறக்கிற ராக்கெட், எண் அடங்கலை. ஸ்பேரா இன்னொரு யூனிட் இருந்ததே? இருந்தது, அதுலயும் அதே மென்பொருள், அதுவும் அதே மாதிரி நின்னுபோச்சு. அந்தக் கோட் அடா மொழியில எழுதினது, சி-யில இல்லை. அதனால "சி மோசமான மொழி"ன்னு இதுக்குக் காரணம் சொல்ல முடியாது. பழைய இடத்துல சரியா ஓடின கோட் புது இடத்துலயும் ஓடும்னு நம்பினதுதான் காரணம். ஸ்ரீஹரிகோட்டாவுல ராக்கெட் கிளம்பும்போது மொட்டை மாடியில ஏறிப் பார்க்கிற நமக்கு இந்தக் கதை கொஞ்சம் கூடுதலாவே உறைக்கும்.

மோட்பஸ்: யார் முன்னாடி, யார் பின்னாடி?

பேனல் போர்டுல எனர்ஜி மீட்டர் பார்த்திருப்பீங்க. அதுலேர்ந்து யூனிட்டைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவர பெரும்பாலும் பயன்படுறது மோட்பஸ். மோடிகான் நிறுவனம் 1979-ல் கொண்டுவந்த நெறிமுறை, இன்னும் அசையாம நிக்குது. அதுல ஒரு ரெஜிஸ்டர் 16 பிட். 1,00,000 யூனிட்டைக் காட்டணும்னா ஒரு ரெஜிஸ்டர் பத்தாது, ரெண்டு வேணும்: மேல் பாதியில 1, கீழ் பாதியில 34,464. சரிபாருங்க: 65,536 கூட்டல் 34,464.

ஒரு ரெஜிஸ்டருக்குள்ள பெரிய பைட் முன்னாடி வரணும்னு மோட்பஸ் சொல்லுது. ஆனா ரெண்டு ரெஜிஸ்டர்ல எது முன்னாடிங்கிறதை அது சொல்லலை. ஒரு கம்பெனி மீட்டர்ல மேல் பாதி முதல்ல வரும், இன்னொண்ணுல கீழ் பாதி முதல்ல வரும். மாத்திப் படிச்சீங்கன்னா 1,00,000 யூனிட் 225,86,32,705 யூனிட்டா மாறிடும். இவ்வளவு பெருசா தப்பு வந்தா கண்டுபிடிச்சுடலாம். புது மீட்டர் மாட்டின முதல் நாள் எண் சின்னதா இருக்கும்போது மேல் பாதி வெறும் சைபர், அந்தப் பாதியைக் கோட்ல விட்டுட்டவங்களுக்குக்கூட எல்லாம் சரியாத்தான் தெரியும். 65,535 யூனிட்டைத் தாண்டினதும் மறுபடி சைபர்லேர்ந்து ஆரம்பிக்கும், அப்பதான் தெரியவரும். அதுக்குள்ள நீங்க ப்ராஜெக்ட் ரிப்போர்ட் கொடுத்து, வைவா முடிச்சு, டிகிரி வாங்கியிருப்பீங்க.

மாணவர்கள் இங்க பண்ற குறுக்கு வழி ஒண்ணு உண்டு. வந்த நாலு பைட்டை ஒரு அர்ரேயில வாங்கி, அதோட முகவரியை இன்ட் பாயின்டரா மாத்தி நேரடியாப் படிக்கிறது. நம்ம லேப்டாப், ஆண்ட்ராய்டு போன் எல்லாம் சின்ன பைட்டை முன்னாடி வைக்கிற ரகம். மோட்பஸ் பெருசை முன்னாடி வைக்கிறது. ரெண்டும் ஒத்துப்போகாது. அதோட, சில புராசஸர்கள்ல நாலால வகுபடாத முகவரியிலேர்ந்து இன்ட்டைப் படிச்சா புரோகிராமே விழுந்துடும்.

இதுக்கு ஓஎஸ்ஸும் வேண்டாம், '#இஃப்டெஃப்'பும் வேண்டாம், கணக்கே போதும்:

மதிப்பு = ((யூஇன்ட்32_டி) மேல் << 16) | கீழ்;

இந்த ஒரு வரி எந்த மெஷின்லயும் ஒரே விடை தரும், ஏன்னா இதுல மெமரி அமைப்பே வரலை, வெறும் எண்கணிதம்தான். அந்த யூஇன்ட்32_டி-யை முன்னாடி போட மறக்கக் கூடாது. போடலைன்னா 'மேல்' 16 பிட் இன்ட்டா இருக்கிற ஆர்டுயினோவுல 16 இடம் தள்ளினா எல்லாம் வெளியே விழுந்துடும், சொல்லப்போனா அதுவும் வரையறுக்கப்படாத செயல்தான்.

ஸ்ட்ரக்சரை அப்படியே 'எஃப்ரைட்' பண்றதும் இதே ரகம். ஒரு கேர், ஒரு இன்ட்32_டி இருக்கிற ஸ்ட்ரக்சர் எத்தனை பைட்? அஞ்சுன்னு நினைப்பீங்க. ஜிசிசி-யில சைஸ்ஆஃப் போட்டுப் பாருங்க, எட்டு வரும். நடுவுல மூணு பைட் காலி இடம், இன்ட்டை நாலின் மடங்குல உட்கார வைக்க. 8 பிட் ஆர்டுயினோவுல அதே ஸ்ட்ரக்சர் அஞ்சுதான். அது அனுப்பின ரெக்கார்டை லேப்டாப் அப்படியே படிச்சா முதல் எண்ணுலேர்ந்தே எல்லாம் இடம் மாறிடும். ஒவ்வொரு புலத்தையும் தனித்தனியா எழுதுங்க, இல்லைன்னா நேரடியா கமா போட்ட டெக்ஸ்ட் ஃபைல். எடைச்சீட்டு மாதிரி வேலைக்கு டெக்ஸ்ட்டே தாராளம்.

14,090 கிலோ மட்டும் ஏன் தப்பா வருது?

இது எனக்கு ரொம்பப் பிடிச்ச புதிர், அதனால கொஞ்சம் நிதானமாச் சொல்றேன்.

கேட்டுல விண்டோஸ் பிசி. அதுல உங்க புரோகிராம் எடையை இன்ட்32_டி-யா ஒரு ஃபைல்ல எழுதுது. 'எஃப்ஓபன்'ல 'டபிள்யூ' மட்டும் போட்டிருக்கீங்க, பக்கத்துல 'பி' போடலை. ஆபீஸ்ல லினக்ஸ் சர்வர் அந்த ஃபைலைப் படிக்குது. 14,080 கிலோ சரியா வருது, 14,100 சரியா வருது. 14,090 கிலோ மட்டும் 36,07,053 கிலோன்னு வருது. அதுக்கப்புறம் வர்ற எல்லா எண்ணும் குழப்பம்.

14,090-ஐ 256-ஆல வகுங்க. ஈவு 55, மீதி 10. ஃபைல்ல போகிற பைட்டுகள்: 10, 55, 0, 0. இந்த 10 இருக்கே, அதுதான் புதுவரிக் குறி. விண்டோஸ்ல டெக்ஸ்ட் முறையில திறந்த ஃபைல்ல 10 எழுதினா, அது "ஓ, வரி முடியுதா"ன்னு நினைச்சு முன்னாடி தானா ஒரு 13-ஐச் சேர்த்துடும். இப்ப ஃபைல்ல 13, 10, 55, 0, 0. நாலு பைட் அஞ்சாயிடுச்சு. லினக்ஸ் முதல் நாலை எடுத்துப் படிக்குது: 13 கூட்டல் 10 பெருக்கல் 256 கூட்டல் 55 பெருக்கல் 65,536. போட்டுப் பாருங்க, 36,07,053.

அதே விண்டோஸ் மெஷின்லயே டெக்ஸ்ட் முறையில திரும்பப் படிச்சா 13-ஐ அதுவே எடுத்துடும், எல்லாம் சரியா இருக்கிற மாதிரி தெரியும். "என் சிஸ்டம்ல நல்லா வருதே"ன்னு நீங்க சத்தியம் பண்ணலாம், பொய்யும் இல்லை. இன்னொண்ணு, 13,850 கிலோ எடுத்துக்கோங்க. அதோட முதல் பைட் 26. டாஸ் காலத்துல 26-ன்னா "ஃபைல் முடிஞ்சது" குறி. விண்டோஸ் டெக்ஸ்ட் முறையில படிக்கும்போது இன்னிக்கும் அங்கேயே நின்னுடும்.

மருந்து ஒரே எழுத்து: 'டபிள்யூபி', 'ஆர்பி'. லினக்ஸ்ல அந்த 'பி'-க்கு எந்த வேலையும் இல்லை, இருந்தாலும் தொல்லை இல்லை. அதனால எப்பவும் போட்டுடுங்க.

ஃபைல் பேச்சு வந்ததால ரெண்டு வார்த்தை. விண்டோஸ்ல 'மோட்டார்.எச்' பேர்ல முதல் எழுத்து பெருசா சின்னதான்னு பார்க்காது, லினக்ஸ் பார்க்கும். "ஃபைல் இல்லை"ன்னு லினக்ஸ்ல வர்ற எர்ரர்ல பாதி இதுதான். அப்புறம், பாதையில சாய்கோடு. வலம் சாஞ்ச கோடையே, அதாவது '/'-ஐயே போடுங்க, விண்டோஸும் அதை ஏத்துக்கும்.

ராஸ்பெர்ரி பை-யில நிக்காத லூப்

'கெட்கேர்' தர்ற மதிப்பை ஒரு 'கேர்' வேரியபிள்ல வாங்கி, அது 'ஈஓஎஃப்' ஆகிற வரைக்கும் லூப் ஓட்டுறோம். இன்டெல் லேப்டாப்ல நிக்கும். லினக்ஸ் போட்ட ராஸ்பெர்ரி பை-யில நிக்கவே நிக்காது. வெறும் 'கேர்'னு எழுதினா அது எதிர்மறை எண்ணை ஏத்துக்குமா இல்லையாங்கிறதைத் தரநிலை கம்பைலர்கிட்டயே விட்டுடுச்சு. இன்டெல்லுக்கான ஜிசிசி ஏத்துக்குது; ஆர்ம் லினக்ஸ்ல ஏத்துக்காது. ஈஓஎஃப் பொதுவா மைனஸ் 1. அதை ஆர்ம் கேர்ல போட்டா 255 ஆயிடும். 255 எப்பவும் மைனஸ் 1-க்குச் சமம் ஆகாது. கெட்கேர் தர்றது இன்ட், அதை இன்ட்லயே வாங்குங்க, முடிஞ்சது.

டிரைவர் பேரைத் தமிழ்ல அடிச்சா

சீட்டுல பேர் தமிழ்ல வரணும்னு ஒருத்தர் கேட்பார், கேட்கணும். 'தமிழ்'ங்கிற சொல்லுக்கு 'ஸ்டர்லென்' போட்டா என்ன வரும்? நம்ம கண்ணுக்கு மூணு எழுத்து. யூனிகோட்ல த, ம, இகரக் குறி, ழ, புள்ளின்னு அஞ்சு. யுடிஎஃப்-8-ல ஒவ்வொண்ணும் மூணு பைட், மொத்தம் 15. ஸ்டர்லென் 15-னு சொல்லும். பிரின்ட்எஃப்-ல 20 இடம் ஒதுக்கி வரிசையா அடிக்க நினைச்சா, அது 20-ஐப் பைட்லதான் எண்ணும். சீட்டுல கட்டம் கோணலாப் போகும். பேரை 10 பைட்டோட வெட்டினீங்கன்னா ஒரு எழுத்தோட நடுவுல வெட்டி, கட்டம் கட்டமா ஏதோ வரும்.

'டபிள்யூகேர்_டி' போட்டா தீர்ந்துடும்னு சில புத்தகத்துல இருக்கும். விண்டோஸ்ல அது 2 பைட், லினக்ஸ்ல 4 பைட். மறுபடி அதே கதை. உள்ளே எல்லாம் யுடிஎஃப்-8, திரையில காட்டும்போது மட்டும் ஓஎஸ்ஸுக்கு ஏத்த மாற்றம்னு வச்சுக்கிட்டா பிழைக்கலாம். 1999-ல் தமிழக அரசு தாம், தாப் குறியீடுகளை ஏத்துக்கிட்டதும், அப்புறம் 2010-ல் யூனிகோட், டேஸ்16-க்கு மாறினதும் இந்தக் கோணத்துல படிச்சா சுவாரசியமா இருக்கும். ஒரு ஆபீஸ்ல அடிச்ச தமிழ் இன்னொரு ஆபீஸ்ல திறந்தா ஜிலேபி ஜிலேபியா வந்த காலம் அது.

ஓஎஸ்ஸை ஒரு அறைக்குள்ள பூட்டுங்க

எல்லாத்தையும் தரநிலை சி-யிலயே எழுதிட முடியாது. எடை காட்டும் கருவி சீரியல் போர்ட்லதான் பேசும். அந்தப் போர்ட் விண்டோஸ்ல 'காம்3', லினக்ஸ்ல 'டிடிஒய்யூஎஸ்பி0'. திறக்கிற முறை, வேகம் வைக்கிற முறை எல்லாமே வேற. தூங்குறதுகூட வேற: விண்டோஸோட 'ஸ்லீப்' மில்லிசெகண்ட்ல, முதல் எழுத்து பெருசு. லினக்ஸோட 'ஸ்லீப்' முழு செகண்ட்ல, எல்லாம் சின்ன எழுத்து. கம்பைல் ஆகலையேன்னு எழுத்தை மட்டும் சின்னதா மாத்தினா, அரை செகண்ட் தூங்க வேண்டிய புரோகிராம் 8 நிமிஷம் 20 செகண்ட் தூங்கும். லாரி மேடையில நிக்கும், டிரைவர் ஹாரன் அடிப்பார்.

பலர் பண்றது, கோட் முழுக்க '#இஃப்டெஃப் _வின்32' தூவுறது. பத்து இடத்துல தூவினா பதினோராவது இடத்துல மறந்துடும். அதுக்குப் பதிலா 'போர்ட்.எச்'னு ஒரு ஹெடர்: திற, படி, மூடு, காத்திரு. நாலே ஃபங்ஷன். அதுக்குப் பின்னாடி ரெண்டு சி ஃபைல், ஒண்ணு விண்டோஸுக்கு, ஒண்ணு லினக்ஸுக்கு. எது கம்பைல் ஆகணும்னு சிமேக் பார்த்துக்கும். எடை கணக்கு, சீட்டு, ரிப்போர்ட் எல்லாம் ஓஎஸ் பேரே தெரியாத தனி ஃபைல்கள். மூணாவதா ஒரு பொய்ப் போர்ட் ஃபைலும் எழுதிக்கோங்க, அது டெக்ஸ்ட் ஃபைல்லேர்ந்து எடைகளைப் படிச்சுத் தரட்டும். எடை மேடை இல்லாமலே ஹாஸ்டல் ரூம்ல முழு புரோகிராமையும் சோதிக்கலாம். என் கணக்குல இந்த மூணாவது ஃபைல்தான் மிகப் பெரிய லாபம்.

சோதிக்க ரெண்டு லேப்டாப் தேவையில்லை. விண்டோஸ்ல டபிள்யூஎஸ்எல் போட்டா உள்ளேயே லினக்ஸ். எம்சிஸ்2 வழியா மின்ஜிடபிள்யூ போட்டா விண்டோஸுக்கே ஜிசிசி. ஜிசிசி, கிளாங் ரெண்டுலயும் கம்பைல் பண்ணுங்க. ஒண்ணு விட்ட வார்னிங்கை இன்னொண்ணு பிடிக்கும். 'வால்', 'டபிள்யூஎக்ஸ்ட்ரா', 'பெடான்டிக்', கூடவே தரநிலை சி11-ன்னு சொல்ற ஆப்ஷன், இதெல்லாம் போடாம கம்பைல் பண்றது ஹெல்மெட் இல்லாம என்எச்-16-ல போற மாதிரி. 'எஃப்சானிடைஸ்'ல 'அன்டிஃபைண்டு' சேர்த்தா, எண் நிரம்பி வழியிற இடத்துல ஓடும்போதே வரி எண்ணோட சொல்லிடும். கிட்ஹப்ல பொதுவா வச்ச ப்ராஜெக்ட்டுக்கு ஆக்ஷன்ஸ் இலவசம்; ஒவ்வொரு தடவை நீங்க புஷ் பண்ணும்போதும் உபுன்டு, விண்டோஸ், மேக் மூணுலயும் அதுவே கம்பைல் பண்ணிப் பார்க்கும். மேக் வாங்க யார்கிட்ட காசு இருக்கு!

கடைசியா நேரத்தைப் பத்தி. ஃபேக்டரியில ஒரு கருவி மாட்டினா 15, 20 வருஷம் அதே இடத்துல இருக்கும். 1970 ஜனவரி 1-லேர்ந்து செகண்டை எண்ணி 32 பிட் குறியுள்ள எண்ணுல வைக்கிற கருவிகள்ல, அந்த எண் நிரம்பிறது 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, நம்ம நேரம் காலை 8 மணி 44 நிமிஷம் 7 செகண்ட். அடுத்த செகண்ட் 1901-க்குப் போயிடும். காலை ஷிஃப்ட் ஆள் மெஷின் முன்னாடி நிக்கிற நேரம். நீங்க இந்த வருஷம் எழுதுற கோட் அன்னிக்கும் ஓடிக்கிட்டிருக்க வாய்ப்பு இருக்கு. நேரத்துக்கு இன்ட்64_டி போடுங்க.

வீட்டுப்பாடம்

பயிற்சிக்கு ஒரே ஒரு கணக்கு. எடை 10 கிலோ படியில மட்டும் வருதுன்னு வச்சுக்கோங்க. 10,000 கிலோவுக்கும் 20,000 கிலோவுக்கும் நடுவுல, 14,090 மாதிரி முதல் பைட் 10-ஆ வர்ற எடைகள் மொத்தம் எத்தனை? பேப்பர்ல போட்டுட்டு, அப்புறம் ஒரு சின்ன சி புரோகிராம் எழுதி, ஜிசிசி-யிலயும் ஆர்டுயினோவுலயும் ஓட்டிச் சரிபாருங்க. வேரியபிளுக்கு என்ன வகை போடுறீங்கன்னு கவனம். விடை அடுத்த இதழ்ல.